அவளுக்கு ஒன்றும் ஆவதில்லை, எனக்கு மட்டும் ஏன்?

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அதிகம் பேசாத சுபாவம். என் அறைத்தோழி இன்ஸ்டாகிராமில் நாலு மணி நேரம் இருந்துவிட்டுச் சிரித்தபடி தூங்கப் போகிறாள். நான் அரை மணி நேரம் பார்த்தாலே மனசு கனத்துவிடுகிறது. மறுநாள் வகுப்பில் கவனம் நிற்பதில்லை. என்னிடம்தான் கோளாறா?
- பெயர் வெளியிட விரும்பாத மாணவி

பதில்: கோளாறெல்லாம் இல்லை. ‘பார்த்தாலே’ என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. உங்கள் தோழி வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள். யாரையாவது கலாய்ப்பாள், பதிலுக்கு அவர்களும் கலாய்ப்பார்கள். அவளுக்கு அது அரட்டை. உங்களுக்கு அடுத்த வீட்டு ஜன்னல்.

அந்த ஜன்னலில் நானும் நின்றிருக்கிறேன். பழைய வகுப்புத் தோழிகள் கூடிய படம் ஒன்று ஓர் இரவு வந்தது. விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தலைகளை எண்ணினேன். பதினொன்று. “என்னைக் கூப்பிடவே இல்லையே?” என்று எழுதி அழித்தேன். “சூப்பர்!” என்று எழுதி, அதையும் அழித்தேன். நிமிர்ந்தால் மணி ஒன்று. ஊருக்கு ஆலோசனை சொல்பவளின் லட்சணம் இது!

பேசாத சுபாவத்தின் மேல் பழி போடாதீர்கள். உளவியலில் ஆளுமையை ஐந்து கூறுகளாகப் பிரித்துப் பார்ப்பார்கள். கலகலப்பு ஒரு கூறு. சட்டென்று கவலைப்படுவதும் காயப்படுவதும் வேறொரு கூறு. வாய் ஓயாமல் பேசிவிட்டு, லைக் குறைந்தால் சுருண்டு படுப்பவர்களும் உண்டு. சரி, திரை பார்ப்பதன் மேல் பழி போடலாமா? மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதின்வயதினரின் தரவுகளை ஆராய்ந்து ஆர்பென், பிரிசிபில்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2019-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிள்ளைகளின் மனநலத்தில் காணும் ஏற்றத்தாழ்வில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தைத்தான் திரைப் பயன்பாட்டோடு தொடர்புபடுத்த முடிந்தது. ஆனால் அது சராசரிக் கணக்கு. அதில் உங்கள் தோழியின் சிரிப்பும் உங்கள் பாரமும் ஒன்றாகக் கலந்துவிடும்.

அதனால் மணிக்கணக்கை விடுங்கள். எந்தப் பக்கத்தில் கட்டைவிரல் நிற்கிறது, யார் படத்தைப் பெரிதாக்குகிறீர்கள் என்று மூன்று நாள் கவனியுங்கள். இரண்டு மூன்று பேர்தான் தேறுவார்கள். அவர்களை மியூட் செய்யுங்கள்; அவர்கள் போடும் படங்கள் உங்கள் கண்முன் வந்து நிற்காது. அவர்களுக்குத் தகவல் போகாது. போனைக் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டுப் படுங்கள். சரி, இதற்கும் மீறி இரண்டு வாரம் தூக்கம், பசி, படிப்பு எதுவுமே ஓடவில்லை என்றால் கல்லூரி ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள்; தள்ளிப்போட வேண்டாம்.

அப்புறம், யார் யாரை மியூட் செய்திருக்கிறாள் என்று அறைத்தோழியிடம் கேட்டுப் பாருங்கள். அவள் பட்டியல் உங்களுடையதைவிட நீளமாக இருக்கும் என்று எனக்கொரு சந்தேகம்.