முதல் பவளத் தொட்டி: எதற்குச் செலவழிக்கலாம், எதைத் தள்ளிப்போடலாம்?

வீட்டில் சிறிய அளவில் கடல்நீர்த் தொட்டி வைத்து, அதில் பவளம் வளர்க்க நினைப்பவர்களின் கேள்விகள் இந்த முறை நிறைய சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கிப் பதில் தருகிறேன்.

கேள்வி: நன்னீர் மீன் வளர்த்துப் பழக்கம் உண்டு. அடுத்ததாகப் பவளத் தொட்டி வைக்க ஆசை. கையில் அதிகப் பணம் இல்லாததால் 20 லிட்டர் தொட்டியில் தொடங்கி, பழகிய பிறகு பெரிதாக மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். கடல்நீர்த் தொட்டியில் கணக்கு தலைகீழ். தொட்டி சிறிதாக இருந்தால் வாங்கும்போது மிச்சம், வளர்க்கும்போது நஷ்டம்.

காரணம் ஆவியாதல்தான். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். நாளுக்கு அரை லிட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) உப்புத்தன்மை உள்ள 20 லிட்டர் தொட்டி, இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் 37-ஐ நெருங்கிவிடும். 100 லிட்டர் தொட்டியில் அதே இரண்டு நாளில் 35.4-கூட ஆகாது. வெப்பமும் அப்படித்தான். சிறு தொட்டி சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும். செத்துப்போன ஒரு நத்தை பெரிய தொட்டியில் பெரிதாகத் தெரியாது. 20 லிட்டரில் ஒரே இரவில் அம்மோனியா ஏறிவிடும். இப்படிச் சாகும் பவளங்களின் விலையைக் கூட்டிப் பார்த்தால், மிச்சம் பிடித்தது எங்கே போனது என்று புரியும்.

முதல் தொட்டிக்கு 75 முதல் 130 லிட்டர் வரை நல்ல அளவு. பின்பக்கத்தில் வடிகட்டி அறைகளோடு வரும் 'ஆல் இன் ஒன்' வகை போதும். கீழே சம்ப் என்ற தனி வடிகட்டித் தொட்டி வைத்துக் குழாய் வேலை செய்யும் தலைவலி முதல் தடவையே வேண்டாம். வைக்கும் இடத்தை மட்டும் முன்னாலேயே முடிவு செய்யுங்கள். 100 லிட்டர் கடல்நீரின் எடை மட்டுமே 100 கிலோவைத் தாண்டும். கல், மணல், கண்ணாடி, ஸ்டாண்ட் எல்லாம் அதற்கு மேல். நிரப்பிய பிறகு நகர்த்த முடியாது. சாதாரண டிவி மேசை தாங்காது.

கேள்வி: கடையில் நீண்ட பட்டியல் கொடுத்தார்கள். ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரிப்பது), யுவி (புற ஊதா விளக்கு), ரியாக்டர் (வடிகட்டும் பொருள் வழியே நீரை விடும் குழல்), டோசிங் பம்ப் (தாதுக்களை அளந்து சேர்ப்பது), விலையுயர்ந்த லைட் என்று போகிறது. எதெல்லாம் கட்டாயம்?

பதில்: நீங்கள் சொன்ன ஐந்தில் முதல் நாளே தேவைப்படுவது எதுவும் இல்லை. லைட்கூட முதல் பவளம் வாங்கும்போது வந்தால் போதும். உண்மையில் கட்டாயமான சில பொருள்கள் அந்தப் பட்டியலில் இல்லாததுதான் எனக்குக் கவலை.

முதலில் தண்ணீர். பணத்தில் கை வைக்கும்போது பலரும் வெட்டுவது இதைத்தான், வெட்டவே கூடாததும் இதுதான். குழாய் நீரில் குளோரின் மட்டுமல்ல, நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட் எல்லாம் இருக்கலாம். குழாய்களிலிருந்து தாமிரமும் கலந்திருக்கலாம். மீன் தாங்கும் அளவு தாமிரத்தில்கூட இறாலும் நத்தையும் பவளமும் செத்துவிடும். ஆகவே ஆர்ஓ வடிகட்டியோடு, மிச்சமிருக்கும் அயனிகளையும் நீக்கும் டிஐ ரெசின் சேர்ந்த அமைப்பு தேவை. நீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் காட்ட வேண்டும்.

"வீட்டில்தான் குடிநீர் ஆர்ஓ இருக்கிறதே" என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். அது போதாது. அதில் டிஐ நிலை கிடையாது. பல கருவிகளில் சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கும் கேட்ரிட்ஜ் வேறு இருக்கும். அதற்கு முன்பிருந்தே தண்ணீரைத் தனியே எடுத்து, ஒரு டிஐ கேட்ரிட்ஜ் வழியாக விட முடிந்தால் முழு அமைப்பின் செலவு மிச்சம். நிறம் மாறும் ரெசின் வாங்குங்கள், தீர்ந்ததும் கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது உப்பு. சமையல் உப்போ கல்லுப்போ அல்ல, கடல் தொட்டிக்கென்று விற்கும் கலவை. லிட்டருக்குச் சுமார் 36 முதல் 40 கிராம் ஆகும். சரியான அளவு பாக்கெட்டிலேயே இருக்கும். 'ரீஃப்' என்று போட்டு வருபவற்றில் கால்சியமும் காரத்தன்மையும் கூடுதலாக இருக்கும். மென்பவளம் (கடினமான சுண்ணாம்புக் கூடு கட்டாத வகை) மட்டும் வளர்க்கிறவருக்கு அந்தக் கூடுதல் விலை தேவையில்லை. பெரிய வாளியாக வாங்கினால் மலிவு. ஆனால் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். ஈரம் ஏறிக் கட்டியான உப்பில் தாதுக்கள் சரியாகக் கரையாது.

உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் பாதி விலைதான், ஆனால் ஒரு காற்றுக் குமிழ் ஒட்டினாலே பொய் சொல்லும். ரிஃப்ராக்டோமீட்டரோடு, அதைச் சரிபார்க்க 35 பிபிடி திரவமும் ஒரு குப்பி கேளுங்கள். சுத்தத் தண்ணீரில் மட்டும் பூஜ்யத்துக்குத் திருத்திவிட்டால், மலிவு மாடல்கள் கடல்நீர் அளவில் தவறு காட்டுவதுண்டு. நீங்கள் பிடிக்க வேண்டிய இலக்கு 35 பிபிடி, அதாவது ஒப்படர்த்தி சுமார் 1.026.

ஹீட்டர் விஷயத்தில் கஞ்சத்தனம் ஆகவே ஆகாது. தொட்டிகளைக் கொல்லும் சாதனங்களில் முதலிடம் அதற்குத்தான். உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட் 'ஆன்' நிலையிலேயே ஒட்டிக்கொண்டால் மொத்தத் தொட்டியும் வெந்துவிடும். ஹீட்டருக்கு வெளியே தனியாக ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி வைத்து, அதன் வழியாக மின்சாரம் கொடுங்கள். லிட்டருக்கு ஒரு வாட் என்பது பொதுக் கணக்கு. 100 வாட் ஒன்றுக்குப் பதில் 50 வாட் இரண்டு வைத்தால் ஒன்று கெட்டாலும் பாதிப்பு குறைவு. வெப்பம் 25, 26 டிகிரியில் நிற்க வேண்டும். வெயில் காலத்தில் தொட்டி சூடானால், சில்லர் வாங்க ஓடுமுன் தண்ணீர்ப் பரப்பின் மேல் சிறு ஃபேன் ஒன்றை ஓடவிடுங்கள். இரண்டு, மூன்று டிகிரி இறங்கும், ஆவியாதலும் அதற்கேற்பக் கூடும். அதனால்தான் குறைகிற தண்ணீரைத் தானாக நிரப்பும் ஆட்டோ டாப் ஆஃப் கருவியை 'பிறகு பார்க்கலாம்' பட்டியலின் முதலிடத்தில் வைக்கிறேன். நிரப்ப வேண்டியது உப்பில்லாத ஆர்ஓ-டிஐ நீர், மறந்துவிடாதீர்கள்.

மின் இணைப்புக்குக் கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்சிடி அவசியம். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகவே கடத்தும்.

மற்றவை சுருக்கமாக. நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர் ஒன்று வேண்டும். மணிக்குத் தொட்டிக் கொள்ளளவின் 20 மடங்கு நீரை நகர்த்தினால் தொடக்கத்துக்குச் சரி. வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றுகிறவருக்கு இந்த அளவுத் தொட்டியில் ஸ்கிம்மர் இல்லாமலே ஓடும். யுவி, ரியாக்டர், டோசிங் பம்ப் பற்றி ஒரு வருடம் கழித்துப் பேசலாம். லைட்டில் வாட் எண்ணையோ 'ஃபுல் ஸ்பெக்ட்ரம்' என்ற வார்த்தையையோ பார்க்காதீர்கள். எந்த உயரத்தில் எவ்வளவு பார் (PAR, ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியின் அளவு) கிடைக்கும் என்று தயாரிப்பாளர் வரைபடம் கொடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். மென்பவளத்துக்கு 50 முதல் 150 பார் போதும்.

கேள்வி: கடலோரத்தில் இருப்பவர்கள் கடல்நீரையே எடுத்து வந்து ஊற்றக் கூடாதா? இலவசம்தானே?

பதில்: கரையோர நீரில் கழிவும் மழைநீரும் எண்ணெயும் கலந்திருக்கும். நாளுக்கு நாள் உப்பும் மாறும். ஆழ்கடலிலிருந்து படகில் எடுத்து வடிகட்டினால் சரி. வாராவாரம் அதைச் செய்ய முடியுமா?

கேள்வி: பாக்டீரியா குப்பி ஒன்றை ஊற்றிவிட்டு அன்றே மீன் விடலாம் என்று கடைக்காரர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: குப்பி பொய்யில்லை, 'அன்றே' என்பதுதான் அவசரம். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும் இன்னொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. இவை தானாகப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். குப்பி அதைக் குறைக்கும். ஆனால் உள்ளே இருப்பவை உயிரிகள். வெயிலில் காய்ந்த குடோனிலிருந்து வந்தால் காசு கொடுத்து வெறும் தண்ணீர் வாங்கியதுபோல் ஆகிவிடும். காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள்.

வேலை செய்ததா என்று அறிய வழி இருக்கிறது. மீன் இல்லாத தொட்டியில் அம்மோனியம் குளோரைடு சேர்த்து அம்மோனியாவை 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) அளவுக்குக் கொண்டுவாருங்கள். 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகி, நைட்ரேட் தெரிந்தால் தொட்டி தயார். இதற்கு அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் சோதனைப் பெட்டிகள் வேண்டும். பவளம் வந்ததும் காரத்தன்மை, பாஸ்பேட் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு சிறு குறிப்பு: நைட்ரைட் இருக்கும்போது நைட்ரேட் சோதனை கூடுதலாகக் காட்டும், பயப்பட வேண்டாம்.

கேள்வி: ஒருவர் தன் தொட்டியை மொத்தமாகக் குறைந்த விலைக்கு விற்கிறார். கல், மணல், லைட் எல்லாம் சேர்த்து. வாங்கலாமா?

பதில்: பிரித்து யோசியுங்கள். பம்ப், ஸ்கிம்மர் வாங்கலாம். சிட்ரிக் அமிலக் கரைசலில் ஓடவிட்டால் படிந்த சுண்ணாம்பு போய்விடும். கண்ணாடித் தொட்டி என்றால் மூலைகளில் சிலிக்கான் உரிந்திருக்கிறதா என்று பார்த்து, நிரப்பி இரண்டு நாள் வெளியே வைத்துச் சோதியுங்கள். லைட்டை எரியவிட்டு, அணைந்த எல்இடி எத்தனை என்று எண்ணுங்கள். ஹீட்டரை மட்டும் புதிதாகவே வாங்குங்கள்.

பழைய மணலை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். வருடக் கணக்கில் சேர்ந்த அழுக்கு அதில்தான் இருக்கிறது. கல் ஈரமாகவே வந்தால் பாக்டீரியாவோடு வரும், அது லாபம். கூடவே அய்ப்டேசியா என்ற, களைபோல் பரவும் அனிமோனும் (கடற்சாமந்தி) வரலாம். அதை ஒழிப்பது பெரிய வேலை. விற்பவரிடம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தத் தொட்டியில் எப்போதாவது தாமிர மருந்து போட்டீர்களா? ஆம் என்றால் அந்தக் கல்லையும் மணலையும் தொடாதீர்கள்.

கேள்வி: எந்த மீன், எந்தப் பவளம் முதலில்? இணையத்தில் வாங்கினால் செத்து வந்தால் என்ன செய்வது?

பதில்: தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த ஒசெல்லாரிஸ் கோமாளி மீன் ஒரு ஜோடி. கடலில் பிடித்ததைவிட இவை தீனிக்கும் தொட்டிக்கும் பழகியவை. இவற்றுக்கு அனிமோன் கட்டாயம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அனிமோன் முதிர்ந்த தொட்டிக்கானது, நகர்ந்துபோய் வேவ்மேக்கரில் சிக்கினால் எல்லாம் போச்சு. நீல டேங் 30 சென்டிமீட்டர் வரை வளரும். மாண்டரின் மீன் உயிருள்ள சிற்றிரைகளைத்தான் பெரும்பாலும் தேடும், புதுத் தொட்டியில் பட்டினி கிடக்கும். எந்த மீனையும் கடையில் உங்கள் கண்முன் தீனி போடச் சொல்லி, தின்றால் மட்டும் வாங்குங்கள்.

பவளத்தில் மஷ்ரூம், லெதர், ஸோவாந்தஸ் ஆகியவை தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். ஸீனியாவும் பச்சை ஸ்டார் பாலிப்பும் வேகமாகப் படரும், தனிக் கல்லில் வையுங்கள். கடினப் பவளமான அக்ரோபோரா இப்போது வேண்டாம். ஸோவாந்தஸிலும் அதன் உறவான பாலிதோவாவிலும் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணியாமல் வெட்டவோ சுரண்டவோ கூடாது. அவை ஒட்டிய கல்லை வெந்நீரில் போடுவது இன்னும் மோசம், ஆவியைச் சுவாசித்து வீட்டில் இருந்தவர்கள் மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் உண்டு.

கடினப் பவளங்களின் சர்வதேச வணிகம், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டீஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் வருகிறது. சில நாடுகளில் கடலிலிருந்து எடுத்த பவளத்தை வைத்திருப்பதே குற்றம். உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துவிட்டு, எங்கிருந்து வந்தது என்று எழுதிய ரசீதோடு வாங்குங்கள்.

இணையத்தில் வாங்கினால், இறந்து வந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா, எத்தனை மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்று முன்பே படியுங்கள். பெட்டியைத் திறப்பதிலிருந்தே வீடியோ எடுங்கள், பையை அவிழ்ப்பதற்கு முன் மீனையும் சேர்த்து. நீண்ட பயணம் வந்த பையைத் திறந்து மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்க்காதீர்கள். மூடிய பையில் கரியமில வாயு அமிலத்தன்மையைக் கூட்டி, அம்மோனியாவின் நஞ்சை அடக்கி வைத்திருக்கும். திறந்ததும் அந்த அடக்கம் போய்விடும். மூடியபடியே மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்கி, உப்புத்தன்மையைப் பார்த்துவிட்டுச் சீக்கிரம் மாற்றுங்கள். மீன் முதலில் போக வேண்டியது தனிமைத் தொட்டிக்கு. வெண்புள்ளி நோய்க்கான தாமிர மருந்தைப் பவளத் தொட்டியில் போட முடியாது.

கேள்வி: தொட்டி வைத்து ஒரு மாதம். மணலெல்லாம் பழுப்பாகிவிட்டது. பாசி மருந்து வாங்கட்டுமா?

பதில்: வாங்காதீர்கள். அது டயட்டம் என்ற நுண்பாசி. புதுத் தொட்டியில் இருக்கும் சிலிகேட்டைத் தின்று வருகிறது, தீர்ந்ததும் போய்விடும். நத்தைகள் நாலைந்து விடலாம், லைட் நேரத்தைக் குறைக்கலாம். இரண்டு மாதம் கழித்தும் அப்படியே இருந்தால் உங்கள் ஆர்ஓ தண்ணீரின் டிடிஎஸ் அளவையும் ரெசின் மாற்றிய தேதியையும் எழுதி அனுப்புங்கள், பார்க்கிறேன்.