பயந்த பிள்ளைக்குப் பேய்வேட்டைக் கதை கொடுக்கலாமா?

உங்கள் எட்டு வயது மகள் இருட்டைக் கண்டால் நடுங்குகிறாள். ஆனால் நூலகத்துக்குப் போனால் பேயைத் துரத்தும் சிரிப்புக் கதைகளாகத் தேடி எடுக்கிறாள். ஏன் இப்படி, கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கொடுங்கள். ஏன் என்று சொல்ல, நான் வளர்ந்த அல்சூரிலிருந்து தொடங்க வேண்டும்.

தொண்ணூறுகளில் பெங்களூரில் சிறுபிள்ளையாக இருந்தவர்களுக்கு ‘நாளே பா’ நினைவிருக்கும். ராத்திரியில் ஒரு பெண் பேய் வீடு வீடாக வந்து கதவைத் தட்டும், வீட்டு ஆளின் குரலிலேயே கூப்பிடும், திறந்தால் உயிர் போய்விடும் என்று பேச்சு. இதற்கு ஊர் கண்டுபிடித்த வழி, கதவில் கன்னடத்தில் ‘நாளே பா’ என்று எழுதி வைப்பது. நாளை வா. பேய் வந்து வாசிக்கும், சரி என்று திரும்பிப் போகும், மறுநாள் வந்து மறுபடியும் அதையே வாசிக்கும். எங்கள் சந்தில் பல கதவுகளில் சாக்பீஸ் எழுத்து இருந்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ராத்திரியானால் பாட்டியின் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டுதான் படுப்பேன். பகலில் கதை வேறு. வாசற்படியில் உட்கார்ந்து நாங்கள் ஏழெட்டுப் பிள்ளைகள் பேயை அலசுவோம். அதற்குக் கன்னடம் மட்டும்தான் தெரியுமா, தமிழில் எழுதினால் உள்ளே வந்துவிடுமா? மழையில் எழுத்து அழிந்துபோனால்? கரெண்ட் இல்லாத ராத்திரியில் எப்படி வாசிக்கும்? கேட்டுக்கொண்டிருந்த பாட்டி ஒருநாள் சொன்னார்: “சீட்டுக்காரனுக்கும் தினம் இதையேதான் சொல்றேன், அவன் மட்டும் திரும்பிப் போக மாட்டேங்கறான்!” சந்தே சிரித்தது. அன்று ராத்திரி தலைப்பைப் பிடிக்காமல் தூங்கினேன். பேய் இல்லை என்று யாரும் எனக்கு நிரூபிக்கவில்லை. அதற்கும் ஒரு சட்டம் உண்டு, அந்தச் சட்டம் எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

பேய்வேட்டைக் கதைகளின் ருசி இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நல்ல கதையில் பேய்க்கு ஒரு கட்டுப்பாடு இருக்கும்: இந்தப் படியைத் தாண்டாது, இந்தப் பாட்டைக் கேட்டால் அழும், உப்பைக் கண்டால் நிற்கும். அதைக் கண்டுபிடிப்பவர் கையில் சாவி. நம்முடைய வேதாளமே அப்படித்தானே? விக்கிரமாதித்தன் வாயைத் திறந்தால் அது மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். விடை தெரிந்தும் பேசாமல் இருந்தால் அவன் தலை வெடித்துவிடும். அம்புலிமாமாவில் ஒவ்வொரு மாதமும் அதே மரம், அதே தோள். என்ன நடக்கும் என்று தெரிந்தும் காத்திருந்தோம்.

சிரிப்பு எங்கே நுழைகிறது என்பதற்கு ஆஸ்கார் வைல்டு 1887இல் எழுதிய கேன்டர்வில் பேய்க் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நடுராத்திரியில் ஒரு பழைய ஆங்கிலேய மாளிகையில் சங்கிலியை இழுத்துக்கொண்டு பேய் வருகிறது. புதிதாகக் குடிவந்த அமெரிக்கர் கதவைத் திறந்து, அந்தச் சங்கிலிக்கு எண்ணெய் போடுங்கள் என்று ஒரு புட்டியை நீட்டுகிறார். அவருடைய இரட்டைப் பையன்கள் தலையணையை வீசுகிறார்கள். பாவம், பேய்க்குக் கோபத்தில் என்ன செய்வதென்றே தெரியவில்லை. நடுங்க வேண்டிய இடத்தில் ஒரு வீட்டுச் சாமான் வந்து நிற்கிறது, அவ்வளவு பெரிய பயம் நம் சமையலறை அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. மீன் குழம்பைத் தூக்கில் ஊற்றி வெளியே கொடுத்து அனுப்பும்போது எங்கள் பாட்டி கூடவே ஒரு கரித்துண்டு வைப்பார், பேய் அண்டாது என்று. கதை எழுத வருகிறவர்களுக்கு அந்தக் கரித்துண்டு ஒன்று போதும்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கதைகளில் பெரியவர்கள் நம்ப மாட்டார்கள், எலியாக இருக்கும், போய்ப் படு என்பார்கள். பிள்ளைகள்தான் டார்ச்சை எடுத்துக்கொண்டு போயாக வேண்டும். நிஜத்தில் ஒரு ரோட்டைக்கூடத் தனியாகக் கடக்க விடாத பிள்ளைக்கு இது எத்தனை பெரிய விடுதலை!

என் அண்ணன் மகன் ஒயிட்ஃபீல்டு பக்கம் பதினான்கு மாடிக் குடியிருப்பில் வளர்கிறான். கரெண்ட் போனால் சில நொடிகளில் ஜெனரேட்டர் வந்துவிடும், இருட்டையே அவன் அதிகம் பார்த்ததில்லை. அவனுக்குப் பயம் அடித்தளப் பார்க்கிங்கில். வீட்டில் தமிழ் பேசுவான், பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் படிக்கிறான், தமிழ் எழுத்தைக் கண்டால் ஓடுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுக்காகவே பார்க்கிங் பேய்க் கதை ஒன்றை நோட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுபோனேன். விரலை எழுத்துக்குக் கீழே நகர்த்தி, “ஜ… ல்… ஜ… ல்…” என்று கூட்டினான். விரல் நின்றது. கண் விரிந்தது. “அத்தை, கொலுசா?” என்றான் மெதுவாக. பேயின் காலடியை அவனே தன் வாயால் உண்டாக்கிவிட்டான். கிரீச், தடதட, சலசல என்று எத்தனை சத்தங்கள் வைத்திருக்கிறது தமிழ்! எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு அவை ஒவ்வொன்றும் பரிசு. அடுத்த பக்கத்தில் அந்தப் பேய் லிஃப்ட் பட்டன் எட்டாமல் குதிப்பதைப் படித்ததும் தரையில் உருண்டு சிரித்தான்.

தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள். முதல் பக்கத்திலிருந்தே பேய் கோமாளியாக இருந்தால் அதை வேட்டையாட எதுவும் மிச்சமில்லை, பிள்ளைகள் சீக்கிரம் புத்தகத்தை வைத்துவிடுவார்கள். கொஞ்சமாவது முதுகு சில்லிட வேண்டும். கடைசியில் ‘அது பேயே இல்லை, போர்வை போர்த்திய திருடன்’ என்று முடிக்கும் கதைகளும் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. பேய் பேயாகவே இருக்கட்டும், அதற்கு ஒரு குறை இருக்கட்டும், பிள்ளைகள் அதைக் கேட்டுத் தீர்த்துவைக்கட்டும். பழிவாங்கல், கொலை என்று ரத்தம் கொட்டுபவற்றை இந்த வயதில் தள்ளி வையுங்கள்.

உங்கள் மகள் பயந்த சுபாவம் என்பதால், முதல் சில நாள் பகலில் நீங்களே சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். புத்தகம் அவள் மடியில் இருக்கட்டும், பக்கத்தை அவளே திருப்பட்டும். அத்தியாயம் பெரும்பாலும் பயப்படும் இடத்தில்தான் முடியும், அங்கே நிறுத்தாதீர்கள். அடுத்த அத்தியாயத்துக்குள் போய், அவள் சிரிக்கும் வரி வரும்வரை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடுங்கள்.