பாடம் நடத்தும்போதே மாணவர்களை வேலை, வாழ்க்கை பற்றி யோசிக்க வைப்பது எப்படி?

ஊட்டியில் வேதியியல் நடத்தும் ஆசிரியரான நீங்கள் இப்படிக் கேட்டிருக்கிறீர்கள்; சிலபஸ் முடிக்கவே நேரமில்லை என்றும் சொல்கிறீர்கள். இதற்கெனத் தனி வகுப்பு வேண்டாம், பாடத்துக்குள்ளேயே இடம் இருக்கிறது.

ஆக்சிஜனேற்றம் நடத்தும் நாளில் பச்சைத் தேயிலையைக் கொண்டுபோய்க் கசக்கச் சொல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் இலை செம்பு நிறமாகும், வாசனை மாறும். இலையிலுள்ள நொதி, காற்றின் ஆக்சிஜனைக் கொண்டு, கேட்டச்சின்கள் என்ற இலைச் சேர்மங்களைத் தேநீருக்கு நிறம் தரும் தியாஃபிளேவின்களாக மாற்றுகிறது. பிறகு கேளுங்கள்: இது கோப்பைக்கு வரும்வரை யார் யார் கை படுகிறது? கொழுந்து பறிப்பவர், தொழிற்சாலையில் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர், சுவை பார்ப்பவர், குன்னூர் ஏலத்தில் வாங்குபவர், ஆய்வகத்தில் தரம் பார்ப்பவர். என் வகுப்பில் ஒரு பெண், "எங்கம்மா பறிக்கிறாங்க சார், அதுக்கப்புறம் என்ன நடக்குதுன்னே எனக்குத் தெரியாது" என்றாள். அந்த இடத்தில் நின்று பேசுங்கள். பாடம் பின்தங்கினால் பரவாயில்லை.

தனியாகச் சந்திக்கும்போது "என்ன ஆகப்போறே?" என்று தொடங்காதீர்கள், "கவர்மென்ட் வேலை சார்" என்று பேச்சு முடிந்துவிடும். "இந்த மாசம் யாரும் சொல்லாமலே எதைச் செய்தாய்?" என்று கேட்டு, பதிலை ஒரு நோட்டில் எழுத வையுங்கள். கூடலூர் பஸ்ஸுக்கு ஓடுகிற பிள்ளைக்கும் பத்து நிமிடம் போதும். 2022-ல் தொடங்கிய, தமிழக அரசின் திறன் பயிற்சித் திட்டமான நான் முதல்வன் திட்டத்தில் பயிற்சி தேர்ந்தெடுக்கும்போது அந்த நோட்டையே இருவரும் புரட்டுங்கள். வீட்டுக் கடன், மலையை விட்டு இறங்க அப்பாவின் சம்மதம் எல்லாம் அப்போதுதான் பேச்சில் வரும்.

இதற்கெல்லாம் முன்பு, துறை ஆசிரியர்கள் ஒரு மாலை உட்கார்ந்து, தாங்கள் இந்த வேலைக்கு வந்த கதையை ஒருவருக்கொருவர் சொல்லிப் பாருங்கள்.