புகை, உப்பு, கொழுப்பு: இறைச்சி இல்லாமல் அந்த ருசி வருமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பட்டாணி சூப் செய்முறையில் ‘ஹாம் ஹாக்’ என்று போட்டிருக்கிறது. நாங்கள் சைவம் என்பதால் அதை விட்டுவிட்டுச் செய்கிறோம். உப்பு எவ்வளவு கூட்டினாலும் சப்பென்றே இருக்கிறது. பதிலுக்கு எதைப் போடுவது?
*வாசகி, டொராண்டோ*

ஹாம் ஹாக் என்பது உப்பில் ஊறவைத்துப் புகையில் வாட்டிய பன்றியின் கால்மூட்டு. இரண்டு மணி நேரம் அது பானைக்குள் கிடந்து ஐந்து வேலை பார்க்கிறது. உப்பைத் தருகிறது, புகை மணத்தைத் தருகிறது, கொழுப்பை விடுகிறது, நாக்கில் தங்கும் உமாமிச் சுவையை இறக்குகிறது, எலும்பிலும் தோலிலும் உள்ள பசை கரைந்து சூப்பைக் கெட்டியாக்குகிறது. நீங்கள் உப்பை மட்டும் கூட்டியிருக்கிறீர்கள். மற்ற நான்கும் அப்படியே பாக்கி. ஒரே பொருளால் இதை ஈடுகட்ட முடியாது. வேலைக்கு ஓர் ஆள் வைக்க வேண்டும்.

அரை கிலோ உடைத்த பச்சைப் பட்டாணி, 2 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். முந்தைய இரவே 4 உலர்ந்த ஷிட்டாகே காளானை 2 கப் குளிர்ந்த நீரில் ஊறப் போடுங்கள். அவசரத்துக்குக் கொதிநீரில் போட்டால் காளான் மென்மையாகும், ஆனால் சாறு கசப்பாக இறங்கும். அந்த ஊறல் நீர் 2 லிட்டர் கணக்கில் சேர்ந்ததுதான், கொட்டிவிடாதீர்கள்.

3 டேபிள்ஸ்பூன் எண்ணெயிலோ வெண்ணெயிலோ 2 பெரிய வெங்காயத்தை ஓரம் சிவக்கும்வரை 12 முதல் 15 நிமிடம் வதக்குங்கள். 3 டேபிள்ஸ்பூன் எண்ணெயா என்று கை பின்வாங்கும். சூப் சப்பென்று இருப்பதற்குப் பாதிக் காரணம் கொழுப்புக் குறைவுதான். வாசனை நாக்கில் ஒட்டி நிற்பதற்கே அது வேண்டும். அடுத்து 1 டேபிள்ஸ்பூன் தக்காளி விழுதைச் செங்கல் நிறம் வரும்வரை வதக்கி, தீயை நன்றாகத் தணித்து, ஒன்றரை டீஸ்பூன் புகையூட்டிய பாப்ரிகா (ஒருவகை மிளகாய்) தூளைச் சேர்த்து 20 விநாடி மட்டும் புரட்டுங்கள். புகையின் மணப்பொருள்கள் தண்ணீரைவிடக் கொழுப்பில்தான் நன்றாகக் கரையும் என்பதால் எண்ணெயில் போடுகிறோம். பாப்ரிகாவில் சர்க்கரை இருப்பதால் அரை நிமிடம் தாண்டினால் கருகிக் கசக்கும். அதனால்தான் தீயைத் தணிக்கிறோம்.

உடனே பட்டாணி, தண்ணீர், நறுக்கிய காளான், தட்டிய கருப்பு ஏலக்காய் 1, உப்பு 2 டீஸ்பூன். கருப்பு ஏலக்காயை நெருப்பின் மேல் காயவைத்துத்தான் பதப்படுத்துகிறார்கள், ஆகவே இயல்பிலேயே புகை மணம் உண்டு. இரண்டாவது காய் போட்டால் சூப் பிரியாணி வாசனை அடிக்கும். ஒரு மணி நேரம் வெந்ததும் ஏலக்காயை எடுத்துவிட்டு, மூன்றில் ஒரு பங்கை மசித்துத் திரும்பக் கலந்தால் அந்தப் பசைக்கெட்டி வந்துவிடும். இறக்கும்போது 1 டேபிள்ஸ்பூன் சோயா சாஸ், 1 டீஸ்பூன் வினிகர். மிசோ (புளிக்கவைத்த ஜப்பானியச் சோயா விழுது) வீட்டில் இருந்தால் சோயா சாஸோடு 1 டேபிள்ஸ்பூன், அடுப்பை அணைத்த பிறகு. எல்லாம் சேர்ந்த பிறகு ருசி பார்த்து, தேவையென்றால் மட்டும் இன்னும் கொஞ்சம் உப்பு.

பட்டாணி வேகவே மாட்டேன் என்றால் பழைய பருப்பு அல்லது கடினநீர் காரணம். கால் டீஸ்பூன் சமையல் சோடா போதும். வினிகரை முதலிலேயே ஊற்றியிருந்தாலும் இதே கதைதான். புளிப்பு பருப்பை இறுக்கும்.

காளானும் சோயா சாஸும் தனித்தனியே போட்டால் வராத ருசி, சேர்த்துப் போட்டால் வருகிறதே, ஏன்?
*வாசகர், சேலம்*

1908-ல் தோக்கியோவில் கிகுனே இகெடா கொம்புக் கடற்பாசியிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். சோயா சாஸ், மிசோ, தக்காளி, பழுத்த சீஸ் எல்லாம் குளூட்டமேட் தருபவை. உலர்ந்த ஷிட்டாகே தருவது குவனிலேட் என்ற வேறு பொருள். இரண்டும் நாக்கில் சந்தித்தால் கூட்டல் கணக்கு இல்லை, பெருக்கல் கணக்கு. இறைச்சியிலும் மீனிலும் குளூட்டமேட்டோடு இனோசினேட் சேர்ந்து இதையே செய்கிறது. ஆகவே இந்த இரண்டு கட்சியிலிருந்தும் ஆளுக்கு ஒன்று எடுத்தால் போதும். சோயா சாஸை மட்டும் இரட்டிப்பாக்கினால் உப்புத்தான் ஏறும்.

புகை பாப்ரிகா எங்கள் ஊரில் கிடைப்பதில்லை. கரித்துண்டில் நெய் விட்டு மூடி வைக்கும் முறையைச் செய்கிறேன். சில நாள் நன்றாக இருக்கிறது, சில நாள் கசந்து மருந்து நெடி அடிக்கிறது.
*வாசகி, மதுரை*

கசக்கிற நாளில் கரி அரைகுறையாகப் பற்றியிருக்கும். கறுப்பு இடமே தெரியாமல் முழுக்கச் சிவந்து, மேலே சாம்பல் பூத்த பிறகுதான் அது தயார். ‘சட்டென்று பற்றும்’ என்று விற்கிற கரி வில்லைகளில் பற்றவைக்கும் ரசாயனம் இருக்கும். மருந்து நெடி அதுதான். விறகுக்கரியோ சிரட்டைக்கரியோ எடுங்கள்.

நேரமும் முக்கியம். நாலு பேருக்கான குழம்புக்கு எலுமிச்சை அளவு கரி, அரை டீஸ்பூன் நெய், மூடி 3 நிமிடம். 10 நிமிடம் வைத்தால் புகை மணம் கரிப்பிசினாக மாறிவிடும். மூடியின் உட்புறம் வேர்த்த நீர் மஞ்சளாகச் சொட்டினால், அதைக் குழம்பில் விழாமல் துடைத்துவிடுங்கள். கசப்பு அதில்தான் சேரும். ஜன்னல் திறந்திருக்கட்டும், கரி வைக்கிற கிண்ணம் எவர்சில்வராக இருக்கட்டும்.

இதைவிட வசதியான வழி, குழம்புக்குப் புகை போடாமல் எண்ணெய்க்குப் போடுவது. அகலமான பாத்திரத்தில் அரை கப் கடலை எண்ணெய், நடுவில் கரிக்கிண்ணம், இறுக்கமான மூடி. 5 நிமிடம் கழித்துக் கிளறி, இன்னொரு கரியோடு மறுபடி 5 நிமிடம். ஆழமான பாத்திரம் வேண்டாம். எண்ணெயின் மேற்பரப்பு எவ்வளவு விரிந்திருக்கிறதோ அவ்வளவு புகை ஏறும். சீசாவில் ஊற்றி இருட்டில் வைத்து, இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். ராஜ்மா, கீரை, வறுத்த உருளைக்கிழங்கு எதற்கும் இறக்கும்போது 1 டீஸ்பூன் போதும். தாளிக்க இதை எடுக்காதீர்கள், மணம் ஆவியாகப் போய்விடும். நிறத்துக்குக் காஷ்மீரி மிளகாய்த்தூள். ஸ்பெயினின் லா வேரா பகுதியில் மிளகாயை ஓக் விறகுப் புகையில் இரண்டு வாரம் வாட்டி அரைப்பதுதான் அசல் புகை பாப்ரிகா. நம் ஏற்பாடு அதற்கு ஈடில்லை, ஆனால் பக்கத்தில் வரும்.

புகைத் திரவம் என்று புட்டியில் விற்கிறார்களே, வாங்கலாமா?
*வாசகர், கோவை*

விறகுப் புகையைக் குளிரவைத்து நீரில் பிடித்து வடிகட்டுவதே அது. வெறும் சாயமும் எசன்சும் கலந்தது என்று நினைப்பது தவறு. நாலு பேர் சாப்பாட்டுக்குக் கால் டீஸ்பூனுக்கு மேல் போனால் சாம்பலை நக்கியதுபோல் இருக்கும், சரிசெய்யவும் முடியாது. ஒரு ஸ்பூன் தண்ணீரில் கலந்து பாதி பாதியாகச் சேருங்கள்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 8 புகைச் சுவையூட்டிகளை ஆராய்ந்து, மரபணுவுக்குக் கேடு வரும் வாய்ப்பை மறுக்க முடியவில்லை என்று 2023-ல் சொன்னது. 2024-ல் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றுக்கான அனுமதியைப் புதுப்பிப்பதில்லை என்று முடிவெடுத்தது. எப்போதாவது கால் டீஸ்பூன் போடுவது உங்கள் விருப்பம். ஆனால் வாரம் தவறாமல் சமைக்கிறவர்கள் பாப்ரிகாவையோ கருப்பு ஏலக்காயையோ பழக்கிக்கொள்வது நல்லது.

பேக்கன் (உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றிக்கறி) இல்லாமல் கார்பனாரா (முட்டையும் சீஸும் சேர்த்த இத்தாலியப் பாஸ்தா) செய்ய, காளானில் புகை பாப்ரிகா போட்டேன். சாப்பிட்டவர்கள் ‘இது கார்பனாராவே இல்லை’ என்கிறார்கள்.
*வாசகி, சிங்கப்பூர்*

சரியாகத்தான் சொல்கிறார்கள். ரோமில் கார்பனாராவுக்குப் போடும் குவான்சாலே, பன்றியின் தாடைக் கறியை உப்பும் மிளகும் தடவி உலரவைத்தது. அதில் புகையே கிடையாது. இங்கே நிரப்ப வேண்டியது உப்பும் கொழுப்பும் கடியும் மட்டுமே. 200 கிராம் பாஸ்தாவுக்கு 250 கிராம் காளானை 2 டேபிள்ஸ்பூன் ஆலிவ் எண்ணெயில், நெருக்காமல் இரண்டு தவணையாக, ஓரம் மொறுமொறுக்கும்வரை வறுங்கள். உப்பைக் கடைசியில் போடுங்கள். முதலில் போட்டால் தண்ணீர் விட்டு அவிந்துபோகும். மிளகைக் கண்ணை மூடிக்கொண்டு போடலாம்.

முட்டை உங்கள் வீட்டுச் சைவத்தில் சேர்த்தி என்று வைத்துக்கொள்கிறேன். சீஸைக் கவனியுங்கள்: பெக்கொரினோ ரொமானோ, பார்மிஜானோ ரெஜ்ஜானோ இரண்டிலும் பாலை உறைய வைப்பது ஆட்டுக்குட்டி, கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட். சைவ ரென்னெட் என்று அச்சிட்ட கெட்டி சீஸாகப் பார்த்து வாங்குங்கள்.

சாலட்டின் மேல் தூவ, மொறுமொறுவென்று பேக்கன் துண்டு மாதிரி ஏதாவது?
*வாசகர், சென்னை*

கொப்பரை. கொழுப்பும் கடியும் ஒன்றாகக் கிடைக்கிற சைவப் பொருள் அதைப்போல் இன்னொன்று இல்லை. 100 கிராம் கொப்பரையைக் காய்சீவியில் 1 மில்லிமீட்டர் பட்டையாகச் சீவி, 1 டேபிள்ஸ்பூன் சோயா சாஸ், 1 டீஸ்பூன் வெல்லத்தூள், அரை டீஸ்பூன் புகை பாப்ரிகா கலந்து 10 நிமிடம் பிசறி வையுங்கள். அடியில் சாறு தேங்கினால் வடித்துவிட வேண்டும். 150 டிகிரி அவனில் ஒரே அடுக்காகப் பரப்பி 12 முதல் 15 நிமிடம், நடுவில் இருமுறை புரட்டவும். வெளியே எடுக்கும்போது வளைவாகத்தான் இருக்கும், ஆறியதும் மொறுமொறுக்கும். உள்ளேயே மொறுமொறுக்கட்டும் என்று காத்திருந்தால் வெல்லமும் சோயாவும் கருகிவிடும். சூப்பிலோ குழம்பிலோ போடாதீர்கள். இரண்டு நிமிடத்தில் நனைந்த காகிதம்.

கருப்பு உப்பு புகை மணம் தருமா?
*வாசகி, புதுச்சேரி*

தராது. அதில் இருப்பது கந்தக மணம், அவித்த முட்டையை நினைவூட்டும். கடையில் புகையூட்டிய உப்பு என்றே தனியாக விற்பது வேறு.

சீனிச் சம்பலுக்கு (வெங்காயத்தை இனிப்பும் காரமுமாக வதக்குவது) மாசிக்கு மாற்று என்ன? மாசி இல்லாமல் செய்தால் வெங்காய ஜாம் சாப்பிடுகிற மாதிரி இருக்கிறது.
*வாசகி, யாழ்ப்பாணம்*

மாசி இறைச்சி இல்லை என்றாலும் கேள்வி இதே குடும்பம்தான். சூரை மீனை அவித்து, புகையூட்டி, வெயிலில் கல்லாகக் காயவைத்தது. உப்பு, புகை, இனோசினேட் மூன்றும் ஒரே கட்டியில். அரை கிலோ வெங்காயத்துக்கு 2 டேபிள்ஸ்பூன் மாசி போடுவீர்கள் என்றால், 10 கிராம் உலர்ந்த ஷிட்டாகேயை வெறும் சட்டியில் இளந்தீயில் 4 நிமிடம் வறுத்து, ஆறவிட்டுக் கொரகொரப்பாக இடியுங்கள். மாவாக அரைத்தால் சம்பல் சேறாகும். மாசி பல்லில் தட்டுப்படுகிற அந்தத் தன்மையும் போய்விடும். வெங்காயம் பாதி வதங்கியதும் இதைச் சேர்த்து, கூடவே கால் டீஸ்பூன் மார்மைட்டை (ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் உப்புக்கரிப்பான கருப்புப் பசை) ஒரு ஸ்பூன் சுடுநீரில் கரைத்து விடுங்கள். இலங்கையில் மார்மைட் இல்லாத கடை அரிது. இதற்கு அதைவிடத் தோதானது வேறில்லை. புகைக்குக் கால் டீஸ்பூன் பாப்ரிகா, அல்லது இறக்கியபின் ஒரு ஸ்பூன் புகையூட்டிய தேங்காய் எண்ணெய். வழக்கமாகப் போடும் உப்பில் கால் பங்கைக் குறைத்துத் தொடங்குங்கள்.

அம்மா வீட்டில் உப்புக்கண்டக் குழம்பு பிரசித்தம். புகுந்த வீடு சைவம். அந்தக் கடியும் உப்பும் உள்ள ஒன்றைச் சைவத்தில் செய்ய முடியுமா? மீல் மேக்கர் போட்டுப் பார்த்தேன், திருப்தி இல்லை.
*வாசகி, காரைக்குடி*

மீல் மேக்கர் பஞ்சு, உப்புக்கண்டம் நார். எவ்வளவு மசாலா ஊட்டினாலும் அந்த வித்தியாசம் தெரியும். சுண்டைக்காய், கொத்தவரங்காய் வற்றல்களில் உப்பு இருக்கும், ஆனால் மெல்லுவதற்கு ஒன்றும் இருக்காது. சிப்பிக் காளானைக் கண்டம் போடுவதுதான் வழி. புகை இதில் வேண்டவே வேண்டாம். உப்புக்கண்டம் வெயிலின் ருசி.

1 கிலோ சிப்பிக் காளானைக் கழுவாமல் ஈரத்துணியால் துடைத்து, கத்தி படாமல் நீளவாக்கில் விரல் கனத்துக்குக் கிழியுங்கள். கத்தியால் குறுக்கே நறுக்கினால் நார் அறுந்துவிடும். இரண்டரை டீஸ்பூன் கல் உப்புப்பொடி, 1 டீஸ்பூன் மஞ்சள்தூள், 2 டீஸ்பூன் மிளகாய்த்தூள் பிசறி 2 மணி நேரம் சாய்த்த தட்டில் வைத்தால் தண்ணீர் வடியும். ஊசி நூலில் கோத்தோ வெள்ளைத் துணியில் பரப்பியோ நல்ல வெயிலில் 2, 3 நாள் காயவையுங்கள். இரவில் பனி படாமல் உள்ளே எடுத்துவிட வேண்டும். கடைசியில் 100 கிராமை ஒட்டித்தான் தேறும், காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். ஒடித்தால் சட்டென்று ஒடிய வேண்டும். தோல்போல் வளைந்தால் டப்பாவில் பூசணம் நிச்சயம். இன்னொரு வெயில் கொடுங்கள். மழைக்காலமென்றால் அவனை 60 டிகிரியில் வைத்து, கதவை ஒரு கரண்டியால் முட்டுக்கொடுத்து 6 முதல் 8 மணி நேரம்.

குழம்புக்கு 30 கிராம் எடுத்து வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் ஊறவைத்துப் பிழிந்து, நல்லெண்ணெயில் ஓரம் சிவக்க வறுத்துத் தனியே வையுங்கள். ஊறிய நீரை அடிமண்டி விட்டுக் குழம்பில் ஊற்றலாம், ஆனால் அதில் உப்பு இறங்கியிருக்கும்; வழக்கமான உப்பில் பாதியோடு நிறுத்தி, கண்டம் போட்டுக் கொதித்தபின் ருசி பாருங்கள். வறுத்த துண்டுகளைப் போட்டு 5 நிமிடத்துக்கு மேல் கொதிக்கவிட்டால் மறுபடி வெறும் காளானாகிவிடும்.