பழைய விளக்கு எரியணுமா, அழகுக்கு நிற்கணுமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பழைய விளக்குகளை எடைக்குப் போடாமல் வீட்டு அலங்காரமாக மாற்றுவது பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். காட்பாடியில் தொடங்கி ஜோலார்பேட்டை வரை கேள்விகள் வந்துவிட்டன. எலக்ட்ரீஷியனாக இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். விளக்கைக் கையில் எடுத்ததும் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். இது இனிமேல் எரியணுமா, இல்லை எரியாமல் அழகுக்கு நிற்கணுமா? எரியணும் என்றால் உள்ளே இருக்கும் பழைய வயர், ஹோல்டர் எல்லாவற்றையும் மாற்றியே ஆகணும். அழகுக்குத்தான் என்றால் வயரை முழுதாக உருவிப் போட்டுவிடுங்கள். பாதி உயிரோடு இருக்கும் விளக்குதான் ஆபத்து.

காட்பாடியிலிருந்து: அண்ணா, ஊர் வீட்டை இடிக்கும்போது பரணில் இரண்டு அரிக்கேன் விளக்கு கிடைத்தது. கிருஷ்ணாயில் வாடை போகவே மாட்டேன் என்கிறது. அதில் பல்பு போட்டு வாசலில் தொங்கவிட ஆசை.

நல்ல ஆசை தம்பி. முதலில் வாடை. டாங்கைக் கவிழ்த்து வடித்துவிட்டு, வெந்நீரில் சலவை சோடா கரைத்து ஊற்றி, மூடியைப் போட்டு நன்றாகக் குலுக்கிக் கொட்டுங்கள். நான்கைந்து தடவை செய்யணும். அப்புறம் மூடியைத் திறந்து மொட்டை மாடியில் மூன்று நாள் வையுங்கள். நம்ம ஊர் வெயிலுக்கு அதற்கு மேல் வாடை நிற்காது.

கழுவாமல் மட்டும் டிரில் வைக்காதீர்கள். மண்ணெண்ணெய் ஏறக்குறைய 38 டிகிரியைத் தாண்டினாலே பற்றக்கூடிய அளவுக்கு ஆவி விடும். அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் மதிய வெயிலே 40-ஐத் தாண்டுகிறது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மே மாதம், 'காலி டாங்க்தானே' என்று நினைத்து அடியில் துளை போட்டேன். பொறி பட்டு வாய் வழியாக நெருப்பு ஒரு முழம் எழும்பியது. முன்கை முடி கருகியதோடு போயிற்று. இப்போதெல்லாம் டாங்கில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, கையால் சுற்றும் டிரில்லால்தான் துளைக்கிறேன். தண்ணீர் இருக்கும் இடத்தில் கரண்ட் டிரில் கூடாது. துளையில் ஒரு ரப்பர் புஷ் போட்டால்தான் தகர விளிம்பு வயரை அறுக்காது.

இரண்டு பக்கமும் இருக்கிற குழாய் வெறும் பிடிமானம் இல்லை. மேலே இருந்து காற்றைக் கீழே சுடருக்கு இறக்கிக் கொடுப்பதே அதுதான். காற்றடித்தாலும் அரிக்கேன் அணையாமல் இருந்ததற்கு அந்தக் குழாய்தான் காரணம். அதை நசுக்கி வயர் கட்டாதீர்கள், விளக்கின் அழகே அதில்தான் இருக்கிறது.

ஆனால் வாசல் என்கிறீர்கள், சாரல் அடிக்கும். அதனால் 230 வோல்ட்டே வேண்டாம் என்பேன். பேட்டரியில் எரியும் மஞ்சள் சீரியல் லைட்டைச் சுருட்டிச் சிம்னிக்குள் போடுங்கள். துளையே தேவைப்படாது, பிள்ளைகள் தொட்டாலும் பயமில்லை.

ஆற்காட்டிலிருந்து: எரியாத டியூப் லைட்டும் சி.எஃப்.எல். பல்பும் ஒரு மூட்டை சேர்ந்திருக்கிறது. டியூபை அறுத்துப் பூ ஜாடி செய்வதாக வீடியோ பார்த்தேன், செய்யலாமா?

வேண்டாம். இரண்டிலும் பாதரசம் இருக்கிறது. சி.எஃப்.எல்.லில் சில மில்லிகிராம்தான், ஆனால் உடைத்ததும் ஆவியாகி மூச்சில் போகும். உள்ளே பூசியிருக்கும் வெள்ளைத் தூளும் நல்லதில்லை. தவறி உடைந்துவிட்டால் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைத் திறந்துவிட்டுக் கால் மணி நேரம் எல்லாரும் வெளியே இருங்கள். துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூள் பறக்கும். கெட்டி அட்டையால் வாரி, மிச்சத்தை ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள். உடையாத மூட்டையை மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள், குப்பை வண்டியில் போடவேண்டாம்.

இரும்புப் பட்டியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். சோக்கு, ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டு, உப்புத்தாள் தேய்த்துப் பெயின்ட் அடித்து, எல்.இ.டி. ஸ்ட்ரிப் ஒட்டினால் சாமி படங்களுக்கு மேலே அருமையாக இருக்கும்.

குடியாத்தத்திலிருந்து: அப்போ குண்டு பல்புக்குள் மணி பிளான்ட் வைப்பதாவது சரியா சார்?

அது சரி, இழை வைத்த பழைய குண்டு பல்பில் பாதரசம் கிடையாது. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குக் கெட்டி உறை போட்டுக்கொண்டு, ஓர் அட்டைப் பெட்டிக்குள் வைத்து வேலை செய்யுங்கள். பித்தளைத் தலையின் அடியில், ஈயப் புள்ளிகள் இரண்டையும் சுற்றிக் கருப்பாகக் கெட்டியாக இருப்பதை ஸ்க்ரூடிரைவரால் மெதுவாகத் தட்டி எடுங்கள். உள்ளே இழையைத் தாங்கும் கண்ணாடித் தண்டை மூக்குக் குறடால் திருகினால் 'டப்' என்று உடையும். பயப்படாதீர்கள், அது காற்று உள்ளே போகும் சத்தம். வெள்ளை பல்பாக இருந்தால் கல் உப்பும் தண்ணீரும் போட்டுக் குலுக்கினால் தூள் கழன்று வந்துவிடும்.

ஒன்றே ஒன்று அக்கறையாகச் சொல்கிறேன். தண்ணீரை நாலு நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். அழகுக்கு வைத்த பல்பால் வீட்டில் டெங்கு வரக்கூடாது.

ஜோலார்பேட்டையிலிருந்து: தாத்தா ரயில்வேயில் இருந்தவர். அவருடைய மூன்று நிறக் கை விளக்கு துருப்பிடித்துக் கிடக்கிறது. முழுதாகச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடிக்கலாமா?

தயவுசெய்து அடிக்காதீர்கள் அம்மா. அந்தக் கைப்பிடியில் பெயின்ட் தேய்ந்து தகரம் தெரிகிற இடம் இருக்கிறதே, அது உங்கள் தாத்தாவின் விரல் பட்டுத் தேய்ந்தது. அதை மூடிவிட்டால் கடையில் விற்கும் பொம்மை விளக்குக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்காது.

இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் கலந்திருக்கும். உலர்ந்தபடி சுரண்டினால் தூசி பறந்து மூச்சில் போகும், குழந்தைகளுக்கு அது ரொம்பக் கெடுதல். துரு உள்ள இடத்தை மட்டும் தண்ணீர் உப்புத்தாளால் நனைத்து நனைத்துத் தேய்த்து, துணியால் ஒற்றி, அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். நன்றாகக் காய்ந்ததும் பளபளப்பில்லாத கிளியர் வார்னிஷ் ஒரு கோட் போதும். தகரத்தில் எழுத்து ஏதாவது அச்சடித்திருந்தால் அது நிரம்பிவிடாமல் மெல்லிசாக அடியுங்கள். சிவப்பு, பச்சைக் கண்ணாடி சுற்றுகிற சட்டம் இறுகியிருந்தால் முறுக்கிப் பார்க்காதீர்கள். இரண்டு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள், காலையில் தானே இளகும். உள்ளே சின்ன பேட்டரி விளக்கு வைத்தால் சிவப்பும் பச்சையும் சுவரில் விழும். பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துத் திருப்பச் சொல்லுங்கள்.

சைதாப்பேட்டையிலிருந்து: பெட்ரோமாக்ஸ் ஒன்று இருக்கிறது, டேபிள் லாம்ப் ஆக்கலாமா?

தாராளமாக. கல்யாண ஊர்வலத்தில் தலையில் தூக்கிப் போன விளக்கு மேஜைக்கு வருவது சந்தோஷம்தான். பெர்லினில் மாக்ஸ் கிரேட்ஸ் என்பவரின் கம்பெனி செய்த விளக்கு அது. பெட்ரோலியத்தையும் அவர் பெயரையும் சேர்த்துத்தான் பெட்ரோமாக்ஸ். முதலில் காற்றுத் திருகைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள். உள்ளே எரிந்து சாம்பலாக நிற்கும் சின்ன வலைப் பையை, அதாவது மேண்டிலை, ஊதவோ கையால் உதிர்க்கவோ கூடாது. பழைய மேண்டில்களில் தோரியம் உண்டு, அது கதிர்வீச்சு உள்ள பொருள். ஈரத் துணியால் பொத்தி எடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள்.

ஆரணியிலிருந்து: பாட்டி வீட்டுப் பித்தளைத் தொங்கு விளக்கில் துளை போட்டு பல்பு மாட்டலாமா?

கூடாது. அது எண்ணெய்க்கு என்று வார்த்தது. களிம்பைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, திரி போட்டு ஏற்றுங்கள். வெளிச்சம் வேண்டுமென்றால் பக்கத்தில் வேறு பல்பு இருக்கட்டும்.

வாலாஜாவிலிருந்து: கல்யாண மண்டபம் ஒன்று இடித்தபோது ஆறு கை பித்தளைச் சரவிளக்கு வாங்கினேன், 12 கிலோ. எங்களுடையது பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு.

அப்படியென்றால் உத்திரத்தில் மட்டும்தான் மாட்டணும் அண்ணா. உத்திரங்களுக்கு நடுவே இருப்பது சுண்ணாம்பில் நிறுத்திய செங்கல்தான், அதில் போல்ட் நிற்காது. ஃபேன் கொக்கியையும் நம்பாதீர்கள். ஃபேன் நாலைந்து கிலோ, இது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். கொக்கி போட்டதும் 25 கிலோ மணல் மூட்டையை ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு விளக்கை ஏற்றுங்கள்.

கைகளுக்குள் இருக்கும் வயர் மொறுமொறுவென்று போயிருக்கும். அதைச் சும்மா உருவிவிட்டால் புது வயரை நுழைக்க முடியாமல் திண்டாடுவீர்கள். உருவுவதற்கு முன்னால் அதன் நுனியில் சணல் கயிறு கட்டிவிடுங்கள். பழைய வயர் வெளியே வரும்போது சணல் உள்ளே போய் நிற்கும். பிறகு அதே சணலில் புது வயரைக் கட்டி இழுத்துக்கொள்ளலாம். பித்தளை உடம்புக்கு எர்த் கட்டாயம். திருகு ஹோல்டராக இருந்தால் ஃபேஸ் நடுப் புள்ளிக்கும் நியூட்ரல் மரைக்கும் போகணும். மாற்றிக் கொடுத்தால் பல்பு எரியும், ஆனால் பல்பு மாற்றும்போது ஷாக் அடிக்கும். பல்பு 2700 கெல்வின் மஞ்சள் எல்.இ.டி. வாங்குங்கள். 6500 வெள்ளை போட்டால் பித்தளை தகரம் மாதிரி தெரியும்.

ஆம்பூரிலிருந்து: சீலிங்கில் இருந்த பால் கண்ணாடி டோம் மூன்று இருக்கிறது. என்ன செய்ய?

துளை இல்லாத டோம் என்றால் கவிழ்ந்திருந்ததை நிமிர்த்தி வையுங்கள். உருளி போலத் தண்ணீர் ஊற்றி மல்லியும் அரளியும் மிதக்கவிடலாம். அடியில் ஆடாமல் நிற்க, உங்கள் ஊரில் கிடைக்கும் தோல் துண்டை வளையமாக வெட்டி வையுங்கள். தண்ணீர் மாற்றுவதை மறக்காதீர்கள்.

காந்தி நகரிலிருந்து: என்னிடம் எதுவும் இல்லை சார். பழைய விளக்கு எங்கே தேடுவது?

காயலான் கடையில். போகியை ஒட்டிய வாரம் போங்கள், பரணில் இருந்ததெல்லாம் அங்கே வந்து சேர்ந்திருக்கும். பையில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே மட்டும் பித்தளை முலாம், அதற்கேற்ற விலை கொடுத்தால் போதும். வயர் எப்படியிருந்தாலும் பரவாயில்லை, கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். பழைய சிம்னிக்கு மாற்று கிடைப்பது சிரமம். கிடைத்துவிட்டால் துண்டில் சுற்றி, மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் வாருங்கள்.