கீமோ தொடங்கும் முன் வீட்டுக் கணக்கை எப்படி மாற்றிக்கொள்வது?

கேள்வி: எனக்கு வயது 43. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. அடுத்த வாரம் கீமோ தொடங்குகிறது. முதலில் மூன்று வாரத்துக்கு ஒன்றாக நான்கு, பிறகு வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். ஹெர்2 பாசிட்டிவ், அதாவது புற்றணுக்களை வளரத் தூண்டும் ஹெர்2 என்ற புரதம் அதிகம் என்பதால் அதற்கான ஊசி ஒரு வருடம். நடுவில் கதிர்வீச்சு, அப்புறம் பல வருடம் ஹார்மோன் மாத்திரை. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். வீட்டு வருமானத்தில் ஐந்தில் இரண்டு பங்கு என்னுடையது. பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருவர். வீட்டுக் கடன் இன்னும் 9 வருடம் பாக்கி. என் அலுவலகம் வழியாக மருத்துவக் காப்பீடு இருக்கிறது, ஆனால் அதற்கு வருட உச்சவரம்பு உண்டு. எட்டு மாதச் செலவுக்கு ஈடான சேமிப்பு வைத்திருக்கிறோம். அதைக் கடனில் கட்டித் தவணையைக் குறைக்கலாம் என்கிறார் கணவர். நான் வேலையை விட்டுவிட்டால் வீட்டு வேலைக்கு ஆள் வைக்கும் செலவாவது மிஞ்சுமே என்று எனக்குத் தோன்றுகிறது. இத்தனை வருடமும் வீட்டுக் கணக்கைப் பார்த்தவள் நான்தான். எனக்காக இவ்வளவு செலவாவதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை. எதைக் குறைப்பது?

பதில்: சேமிப்பைக் கடனில் போட வேண்டாம். வேலையையும் விட வேண்டாம். குறைந்தது முதல் நான்கு கீமோ முடியும் வரை இந்த இரண்டு பேச்சையும் தள்ளி வையுங்கள்.

கடனில் கட்டிய பணத்தைத் தேவைப்படும்போது திரும்ப வாங்குவது கடினம். வட்டியில் மிச்சமாகும் தொகையைவிட, இரவோடு இரவாக மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தால் கையில் இருக்கும் பணம்தான் இப்போது உங்களுக்கு முக்கியம். வேலை விஷயத்தில், உங்கள் காப்பீடே அந்த வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. ராஜினாமா செய்தால் சம்பளத்தோடு காப்பீடும் போய்விடலாம். புற்றுநோய் கண்டறியப்பட்ட பிறகு புதிதாகக் காப்பீடு எடுப்பது எளிதல்ல. எடுத்தாலும், இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் வைப்பார்கள், அல்லது அதை விலக்கியே கொடுப்பார்கள். அதனால் சம்பளத்தோடு எத்தனை நாள் விடுப்பு, அரைச் சம்பளத்தில் எத்தனை நாள், வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியுமா, நேரத்தைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று மனிதவளப் பிரிவில் எழுத்து மூலம் கேளுங்கள். சம்பளமில்லா விடுப்பில் இருக்கும்போதும் காப்பீடு தொடருமா என்பதை மறக்காமல் கேட்க வேண்டும். பலரும் விட்டுவிடும் கேள்வி இது.

சரி, அடுத்து கணக்கு. மாதச் சம்பளம், மாதத் தவணை என்று மாதமாகவே யோசித்துப் பழகியிருப்பீர்கள். கீமோவுக்கு மாதம் தெரியாது. முதல் நான்கு சுற்றுக்கு உங்கள் கணக்கின் அளவு 21 நாள். கீமோ போட்ட வாரம் பெரும்பாலும் களைப்பும் குமட்டலுமாகப் போகும். அந்த வாரம் சமையலுக்கு ஆள், வெளியிலிருந்து வாங்கும் சாப்பாடு, வண்டி வாடகை, கணவர் எடுக்கும் விடுப்பு எல்லாம் சேர்ந்து செலவு ஏறும். இரண்டாவது வாரத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்து, தொற்று எளிதில் பிடிக்கும். உடல் வெப்பநிலை 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் காலை வரை காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அப்படிச் சேர நேர்ந்தால் கட்ட வேண்டிய முன்பணத்தை முதல் நாளிலிருந்தே தனியாக எடுத்து வையுங்கள். அது வேறு எதற்கும் போகக் கூடாது. சம்பளம் வரட்டும் என்று காய்ச்சலோடு யாரும் காத்திருக்கக் கூடாது. மூன்றாவது வாரத்தில் பலருக்கும் ஓரளவு தெம்பு திரும்பும். அலுவலகம் போவது, மளிகை வாங்குவது, காப்பீட்டுக் காகிதங்களை அனுப்புவது எல்லாம் அந்த வாரத்துக்கு. ஒவ்வொருவர் உடம்பும் ஒரு மாதிரி. முதல் சுற்றில் எந்த நாளில் எப்படி இருந்தது, எவ்வளவு செலவானது என்று குறித்து வையுங்கள். அடுத்த மூன்று சுற்றுக்கு அதுவே உங்கள் பட்ஜெட்.

வாரக் கீமோ வந்ததும் இந்தக் கணக்கு மாறும். ஒவ்வொரு முறையும் தாக்கம் சற்று லேசாக இருக்கலாம், ஆனால் பன்னிரண்டு வாரமும் போய்வர வேண்டும், ஒவ்வொரு முறையும் ரத்தப் பரிசோதனை, கூட வருபவருக்கு ஒரு நாள் விடுப்பு. விரல் நுனிகள் மரத்துப்போவதும் இந்தக் கட்டத்தில்தான் அதிகம். தட்டச்சு செய்யும் வேலையென்றால் அதையும் அலுவலகத்தில் முன்கூட்டிச் சொல்லி வையுங்கள்.

கதிர்வீச்சில் மருத்துவமனைக் கட்டணம் அளவுக்குப் போக்குவரத்தும் கடிக்கும். வாரத்தில் ஐந்து நாள், மூன்று முதல் ஐந்து வாரம் வரை போக வேண்டியிருக்கும். 25 நாளுக்குப் பதில் 15 அல்லது 16 நாளில் முடிக்கும் முறை பல பெண்களுக்குச் சம பலன் தருகிறது என்பதைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்களுக்கு அது பொருந்துமா என்று கதிர்வீச்சு மருத்துவரைக் கேளுங்கள். பொருந்தினால் கிட்டத்தட்ட பத்து நாள் விடுப்பும் பத்து நாள் வண்டிச் செலவும் மிச்சம். மருத்துவமனை தூரம் என்றால், நோயாளிகளும் உடன் வருபவர்களும் குறைந்த கட்டணத்தில் தங்க இடம் உண்டா என்று அங்குள்ள சமூகப் பணியாளரிடம் விசாரியுங்கள். உதவித் திட்டங்கள், மருந்து நிறுவனங்களின் சலுகைகள் எல்லாம் முதலில் அவர்களுக்குத்தான் தெரியும். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். இதற்காகவே அவர்களை அங்கே வைத்திருக்கிறார்கள்.

உங்கள் சிகிச்சையில் பணத்தை அதிகம் விழுங்குவது அநேகமாக ஹெர்2 ஊசியாக, அதாவது டிராஸ்டுஸுமாப் ஆக இருக்கும். மூன்று வாரத்துக்கு ஒன்று என்றால் ஒரு வருடத்தில் 17, 18 முறை. அதோடு இதயம் சீராக இருக்கிறதா என்று சுமார் மூன்று மாதத்துக்கு ஒரு எக்கோ. மூல மருந்துக்கு நிகராகச் செயல்படும், விலை குறைந்த பயோசிமிலர் வகைகள் இதில் வந்துவிட்டன. 2019இல் உலக சுகாதார நிறுவனமே அப்படி ஒன்றின் தரத்தைச் சோதித்து முன்தகுதிச் சான்று தந்தது. உங்களுக்கு எழுதியிருப்பது எது, மாற்ற முடியுமா என்று முதல் ஊசிக்கு முன்பே பேசிவிடுங்கள்.

இங்கே காப்பீட்டின் தேதியைக் கவனிக்க வேண்டும். உங்கள் அட்டவணைப்படி ஊசி வாரக் கீமோவோடு தொடங்கினால், முழுச் சிகிச்சையும் முடிய 15 மாதமாவது ஆகும். எனவே அது இரண்டு காப்பீட்டு ஆண்டுகளில் விழும். சிலருக்கு மூன்றாவது ஆண்டையும் தொடலாம். உச்சவரம்பு எந்தத் தேதியில் புதுப்பிக்கப்படுகிறது என்று தெரிந்தால், எந்த மாதங்களில் சொந்தப் பணம் தேவைப்படும் என்று இப்போதே கணக்குப் போட முடியும். சிகிச்சையை அந்தத் தேதிக்காக நகர்த்தக் கூடாது, பணத்தைத்தான் நகர்த்தித் தயாராக வைக்க வேண்டும். இரவு தங்காமல் போட்டுக்கொள்ளும் கீமோ, வீட்டில் விழுங்கும் மாத்திரை, அறுவை சிகிச்சைக்குப் பிறகு கை வீங்கினால் போடும் இறுக்கமான உறை, செயற்கை மார்பகம் இவற்றுக்கெல்லாம் காப்பீடு உண்டா என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள். கோரிக்கையை நிராகரித்தால் அத்தோடு விட்டுவிடாமல் மருத்துவரின் கடிதத்தோடு மேல்முறையீடு செய்யுங்கள். பழைய காப்பீட்டுப் பத்திரங்களையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஆயுள் காப்பீட்டோடு தீவிர நோய்க்கான இணைப்பு எடுத்திருக்கலாம், வீட்டுக் கடனோடு ஒரு காப்பீடு சேர்ந்திருக்கலாம். எடுத்ததையே மறந்துவிட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

எட்டு மாதச் சேமிப்பை எப்படிப் பிரிப்பது? மூன்று மாதச் செலவு கைக்கெட்டும் கணக்கில், அவசர மருத்துவமனைச் சேர்க்கைக்கான முன்பணமும் அதற்குள்ளேயே. நான்கு மாதச் செலவு சிகிச்சை முடியும் வரை, ஏற்ற இறக்கம் இல்லாத பாதுகாப்பான இடத்தில். பங்குச் சந்தையில் இருந்தால் இந்தப் பகுதியை வெளியே எடுத்துவிடுங்கள். மீதி ஒரு மாதத் தொகையைத் தொடாதீர்கள், அது அதன் பிறகு வரும் வருடங்களுக்கு. ஹார்மோன் மாத்திரை ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம் வரை போகும். தமோக்ஸிஃபென் போன்றவை பழைய மருந்துகள், ஜெனரிக் வடிவில் கிடைக்கும், மாதச் செலவு பெரிதாக இருக்காது. ஆனாலும் வருடாந்திர மேமோகிராம், மாத்திரையைப் பொறுத்து எலும்பு அடர்த்திப் பரிசோதனை, மருத்துவர் சந்திப்பு என்று சின்னச் செலவுகள் தொடரும். முதல் ஆறு மாதத்தில் பதற்றத்தில் எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு, மூன்றாவது வருடம் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடும் நிலைமை யாருக்கும் வரக் கூடாது.

எதைக் குறைப்பது என்று கேட்டீர்கள். கடனில் கூடுதலாகக் கட்டுவது, ஓய்வூதியத்துக்குக் கட்டாயத்துக்கு மேல் போடுவது, பிள்ளைகளின் மேற்படிப்புச் சேமிப்பு மூன்றையும் ஒன்றரை வருடம் நிறுத்துங்கள். நிறுத்தத்தான் சொல்கிறேன், ஏற்கெனவே சேர்ந்ததை உடைக்கச் சொல்லவில்லை. ஓய்வூதியப் பணம் கடைசி வரிசையில் இருக்கட்டும். பயணம், புது வண்டி, வீட்டுப் பழுது காத்திருக்கலாம். உறவினர் யாராவது விலை உயர்ந்த பொடியோ சத்துப்பானமோ கொண்டு வந்தால் மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். பணம் போவதோடு, சில பொருட்கள் கீமோ மருந்தின் வேலையையும் கெடுக்கும்.

வீட்டு வேலைக்கு ஆள் வைப்பதை மட்டும் குறைக்கவே கூடாது. அறுவை சிகிச்சை நடந்த பக்கத்துக் கையில் கனம் தூக்கும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியிருக்கிறது, தொற்று பயம் இருக்கிறது, களைப்பு இருக்கிறது. அந்த ஆள் செய்யும் வேலை உங்கள் சிகிச்சையின் ஒரு பகுதி. கணக்கு நோட்டிலும் அதை மருத்துவச் செலவு என்றே எழுதுங்கள். முடி உதிர்ந்த பிறகு விக் வைத்துக்கொண்டால் வேலைக்குப் போகத் தைரியம் வரும் என்று தோன்றினால் அதையும் அப்படியே எழுதுங்கள். ‘எனக்காக ஆகும் செலவு’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கணவருக்கு இந்த நோய் வந்திருந்தால் நீங்கள் அப்படி ஒரு தலைப்பில் கணக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். வருமானத்தில் ஐந்தில் இரண்டு பங்கு கொண்டுவருபவர், அதற்கும் மேல் அந்தப் பிள்ளைகளின் அம்மா. குடும்பம் தன் பணத்தைத் தனக்காகத்தான் செலவழிக்கிறது.

இன்னொன்று, கணக்கை நீங்கள்தான் பார்க்கிறீர்கள் என்பது எனக்குக் கொஞ்சம் கவலை தருகிறது. கீமோவின்போது மறதியும் கவனச் சிதறலும் பலருக்கு வருகின்றன. தவணைத் தேதியும் காப்பீட்டுப் புதுப்பிப்பும் தவறுவது அப்படித்தான். அவை இரண்டையும் தானாகப் பிடித்துக்கொள்ளும்படி வங்கியில் ஏற்பாடு செய்யுங்கள். முதல் கீமோவுக்கு முன் ஒரு மாலை கணவரோடு உட்கார்ந்து, எந்தக் கணக்கு எங்கே, எந்தக் கட்டணம் எப்போது, நியமனதாரர் யார் என்று ஒரே காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மருத்துவமனை ரசீதுகளுக்கு ஒரே ஒரு கோப்பு, அதை அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

கடன் கொடுத்த வங்கியிடமும் இப்போதே பேசுங்கள். ஒரு தவணைகூடத் தவறாதபோது கேட்டால் தவணையைச் சில மாதம் ஒத்திவைக்கவோ, காலத்தை நீட்டித் தொகையைக் குறைக்கவோ வழி கிடைக்கும் வாய்ப்பு அதிகம். தவறிய பிறகு கேட்டால் பேச்சின் தொனியே மாறிவிடும். ஒத்திவைத்த காலத்துக்கும் வட்டி ஏறும் என்பதால், வசதி கிடைத்தாலும் உங்கள் சம்பளம் குறையும் மாதங்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். அந்தக் கடிதத்தைக் கணவர் எழுதட்டும், மருத்துவரின் சிகிச்சை அட்டவணையின் நகலை அதோடு இணைக்கச் சொல்லுங்கள்.