தோள்பட்டைக்குப் பின்னால் வலி: கேள்விகளும் பதில்களும்

கடலூரில் பிசியோதெரபி பார்க்கிறேன். தோள்பட்டை எலும்பைச் சுற்றி வரும் வலிக்கு என்ன உடற்பயிற்சி செய்யலாம் என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பண்ருட்டி: மேடம், நாள் முழுக்க உட்கார்ந்து முந்திரி உடைக்கிறேன். வலது பட்டைக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் குத்துகிறது. தைலம் தேய்த்தால் ஒரு ராத்திரி தாங்குகிறது, அவ்வளவுதான்.

அம்மா, அந்தப் பட்டை எலும்பு விலாவின் மேல் தசைகளின் பிடிப்பில்தான் நிற்கிறது. மார்புக்கூட்டோடு அதை எலும்பாக இணைப்பது காறை எலும்பு ஒன்றுதான். நீங்கள் குனிந்து, கையை முன்னால் நீட்டியே வேலை செய்வதால் பட்டை முன்பக்கமாகச் சறுக்கிவிடுகிறது. பின்னால் இருக்கிற ரோம்பாய்டு தசை இழுபட்டபடியே மணிக்கணக்கில் கிடக்கிறது. குத்துவது அங்கேதான். தைலம் வலியைக் கொஞ்ச நேரம் மறக்கடிக்கும், தசைக்குப் பலம் தராது.

முதலில் நெஞ்சை இளக்குங்கள். வாசல் நிலையில் முழங்கையை மடக்கி, கையை ஊன்றி, ஒரு காலை முன்னால் வைத்து மெதுவாகச் சாயுங்கள். 30 விநாடி, 3 முறை. அப்புறம் இரண்டு பட்டைகளையும் பின்னால் சேர்த்து 5 விநாடி பிடித்து விடுங்கள், 10 முறை. இதில்தான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். தோள் காதை நோக்கி ஏறக் கூடாது. இன்னொரு கையால் கழுத்தோரம் தொட்டுப் பாருங்கள். அங்கே விறைத்தால் மேல் தசை வேலையைப் பிடுங்கிக்கொண்டது என்று அர்த்தம். தோளைக் கொஞ்சம் இறக்கிவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். மூன்றாவது, சுவரில் கை ஊன்றித் தண்டால். கை நீண்டு முடிந்ததும் சுவரை இன்னும் ஒரு அங்குலம் தள்ளுங்கள், பலன் அந்தக் கடைசித் தள்ளலில்தான். காலை, மாலை செய்யுங்கள். வலி சீக்கிரமே குறையலாம், ஆனால் தசை பலப்பட 6 முதல் 12 வாரம் ஆகும். அரைமணிக்கு ஒரு தடவை எழுந்து கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள்.

லாஸ்பேட்டை: லேப்டாப் வேலை, அதே வலி. என்ன பெல்ட் வாங்கலாம்?

பெல்ட் வேண்டாம். மேலே சொன்னதையே செய்யுங்கள். லேப்டாப்பைக் கண் மட்டத்துக்கு உயர்த்தித் தனி கீபோர்டு போடுங்கள்.

வில்லியனூர்: சலூனில் கழுத்தை நெட்டி எடுத்தால் பட்டை வலியும் விடுகிறதே?

விடாதீர்கள் தம்பி, கழுத்தைத் தொடவே விடாதீர்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்பின் துளைகள் வழியாகவே ஏறுகின்றன. வெடுக்கென்று திருப்பும்போது உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். இளவயதுக்காரர்களுக்கும் வந்திருக்கிறது.

முதலியார்பேட்டை: எங்கள் தாத்தா காலத்திலிருந்து செய்கிறோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்.

ஐயா, அடிக்கடி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. நடந்தால் திரும்பாத சேதம் என்கிறேன். ஒரு நிமிட சுகத்துக்கு அந்த ஆபத்து எதற்கு?

வில்லியனூர் மறுபடி: அந்த லேசான உணர்வு பொய்யா?

பொய் இல்லை. மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாகிச் சத்தம் வருகிறது, தசை கொஞ்ச நேரம் தளர்கிறது. எலும்பு எதுவும் இடம் மாறி உட்காரவில்லை. அதே சுகம் வேண்டுமா? துண்டைச் சுருட்டிப் பட்டைகளுக்குக் கீழே குறுக்காக வைத்து மல்லாந்து படுங்கள். தலைக்கு ஒரு தலையணை. கைகளை மேலே நீட்டி இரண்டு நிமிடம் மூச்சு விடுங்கள்.

முதலியார்பேட்டை: அப்போ சுளுக்கு வழிப்பதும் தப்பா?

எண்ணெய் தடவி மெதுவாக வழிப்பதில் எனக்குச் சண்டை இல்லை. கழுத்தைத் திருப்புவதில்தான் சண்டை.

தேவனாம்பட்டினம்: வயது 55. வலை இழுத்தால் இடது பட்டை வலிக்கிறது, வேர்க்கிறது. உட்கார்ந்தால் அடங்குகிறது.

இதற்குப் பயிற்சி கிடையாது அண்ணா. வேலை செய்யும்போது வந்து ஓய்வில் அடங்கும் வலி இதயத்திலிருந்தும் வரலாம். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுங்கள். உட்கார்ந்தும் அடங்கவில்லை என்றால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

நெல்லிக்குப்பம்: எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட பிறகு வலது பட்டையின் கீழே வலி.

பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். டாக்டரைப் பார்த்து வயிற்று ஸ்கேன் எடுங்கள்.

அரியாங்குப்பம்: எத்தனை நாளில் சரியாகும்?

முதல் பதிலில் இருக்கிறது, தயவுசெய்து படியுங்கள்.

முத்தியால்பேட்டை: சர்க்கரை உண்டு. கையைப் பின்னால் கொண்டுபோய் ஹூக் மாட்டவே முடியவில்லை.

தோள்மூட்டே இறுகியிருக்கலாம், சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும். அதற்குப் பயிற்சி வேறு, நேரில் காட்டித்தான் ஆரம்பிக்க வேண்டும்.

பாகூர்: கழுத்து வேண்டாம், நடுமுதுகை மட்டும் சலூனில் நெட்டி எடுக்கலாமா?

வேண்டாம். துண்டு வைத்துப் படுங்கள்.

மஞ்சக்குப்பம்: கை சுற்றும்போது பட்டையில் டக் டக் என்று சத்தம். வலி இல்லை.

வலி இல்லாத சத்தத்தை விட்டுவிடுங்கள். வலியோடு வந்தாலோ, கை மரத்துப்போனாலோ நேரில் வாருங்கள்.